ஊன்றுகோல்கள் மட்டும் மிஞ்சின

மதிய உணவை முடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, பனிச்சறுக்குத் தளத்து உணவகத்தின் முன்னால் இருந்த ஸ்கீ ஸ்டாண்டில், சறுக்கும்போது கையில் பிடிக்கும் என் ஊன்றுகோல்கள் இரண்டும் மாட்டிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை ஒட்டி நிறுத்தியிருந்த ஸ்கீ பலகைகளைத்தான் காணவில்லை. உள்ளே 40 நிமிடங்களுக்கு மேல் இருந்திருக்க மாட்டேன். வேறு இடத்தில் வைத்துவிட்டு மறந்துபோனேனோ என்ற ஐயத்தில், கணுக்காலை மடக்கவே விடாத ஸ்கீ பூட்ஸுடன் அந்த வரிசை முழுவதையும் இரண்டு முறை நடந்து பார்த்தேன். கறுப்பு நிறத்தில் நின்ற ஒவ்வொரு ஜோடியும் ஒரு கணம் என்னுடையதாகவே தெரிந்தது.

தகவல் மேசையில் இருந்த ஊழியர் திருட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. "உங்களுடையதைப் போலவே இருக்கும் வேறொரு ஜோடி அங்கே நிற்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்குப் பிறகுதான் விளங்கியது. வாடகைக் கடைகள் ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான பலகைகளை வைத்திருக்கின்றன. நீளத்தையும் கடை ஒட்டிய எண்ணையும் தவிர அவற்றுக்குள் வேறுபாடு கிடையாது. ஆகையால் களவு என்று பதறி வரும் புகார்களில் பல, யாரோ அவசரத்தில் பலகையை மாற்றி எடுத்துச் சென்றவையாகவே முடிகின்றனவாம். மாற்றி எடுத்தவர் தம்முடைய ஜோடியை விட்டுச் சென்றிருப்பார் என்பதால், சறுக்குபவர்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் லிஃப்ட் நிற்கும் நேரம்வரை பொறுத்திருந்து, யாரும் எடுக்காமல் எஞ்சி நிற்பதைப் பார்க்கச் சொன்னார்.

பொறுத்திருந்தேன். மாலை 4 மணிக்கு லிஃப்ட் நின்ற பிறகு அந்த ஸ்டாண்டில் மூன்று ஜோடிகளும் ஒரு ஸ்னோபோர்டும் எஞ்சியிருந்தன. ஒன்று சிறுவர் அளவு. மற்ற இரண்டும் என்னுடையதற்கு எந்த வகையிலும் பொருந்தவில்லை. களவுதான் என்று என் மனம் ஒப்புக்கொண்டது அப்போதுதான். அந்த உணவகம் மலையின் நடுப்பகுதியில் இருந்ததால், சறுக்கி இறங்க வழியில்லாமல் கேபிள் காரில் கீழே வர வேண்டியதாயிற்று. பலகை இல்லாமல் ஊன்றுகோல்களை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனை எதிரே இருந்த குழந்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே வந்தது.

கீழே அலுவலகத்தில் கொடுத்த படிவம் ஒரு பக்கம்தான் இருக்கும்; ஆனால் அதை நிரப்பும்போதுதான் என் அறியாமை முழுவதும் வெளிப்பட்டது. நிறுவனத்தின் பெயர் தெரியும். மாடல் பெயரில் பாதி தெரியும். நீளம் 172 செ.மீ. என்று எழுதிவிட்டு, 170 ஆக இருக்குமோ என்று அடித்தேன்; பிறகு மறுபடியும் 172 என்றே எழுதினேன். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் யாருடைய தயாரிப்பு என்று கேட்டிருந்த இடத்தில் நிறத்தை எழுதினேன். வரிசை எண் என்ற கட்டத்தைக் காலியாகவே விட்டேன், ஏனென்றால் ஸ்கீ பலகைக்கு அப்படி ஓர் எண் உண்டு என்பதையே அன்றுவரை நான் கவனித்ததில்லை. வாங்கிக்கொண்ட ஊழியர் அந்தக் காலிக் கட்டத்தைப் பேனாவால் வட்டமிட்டு, "இது கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் அனுப்புங்கள், இது இல்லாவிட்டால் பலகை கிடைத்தாலும் உங்களுடையது என்று சொல்வது கடினம்" என்றார்.

அடுத்த சில நாள்கள் அந்த எண்ணைத் தேடுவதிலேயே கழிந்தன. பொதுவாக அது பலகையின் பக்கவாட்டிலோ, பைண்டிங்கை ஒட்டிய மேற்பரப்பிலோ மிகச் சிறிய எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். பழைய புகைப்படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். பனியும் என் முகமும் தெளிவாக இருந்தனவே தவிர எண் எதிலும் இல்லை. வாங்கிய ரசீதில் மாடலும் நீளமும் விலையும் மட்டுமே இருந்தன. நம்பிக்கையை ஏறக்குறைய இழந்த நிலையில், பைண்டிங் பொருத்தித் தந்த பணிமனையின் நினைவு வந்தது. விழும்போது பூட்ஸ் எந்த அளவு விசையில் விடுபட வேண்டும் என்பதைத் தீர்மானிக்க, எடை, உயரம், வயது, சறுக்கும் பழக்கம், பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றை அங்கே ஒரு தாளில் குறித்துக்கொள்வார்கள். அந்தத் தாளின் நகல் அவர்களிடம் இருந்தது. அடிநீளம் 305 மி.மீ. என்பதற்குக் கீழே, தொழில்நுட்பர் பலகையின் வரிசை எண்ணையும் கையால் எழுதி வைத்திருந்தார். யாரும் அவரிடம் கேட்காத வேலை அது. அந்தப் பழக்கத்துக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

எண் கைக்கு வந்த பிறகுதான் காவல் நிலையத்துக்குச் சென்றேன். உண்மையில் முதல் நாளே சென்றிருக்க வேண்டும். பனிச்சறுக்குத் தளத்தின் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது அவர்களுடைய பதிவேட்டுக்குத்தானே தவிர, அது காவல்துறைப் புகார் ஆகாது என்பதும், புகார் நகல் இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையைப் படிக்கக்கூடத் தொடங்காது என்பதும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. புகாரைப் பதிந்துகொண்ட அதிகாரி, திருடப்படும் பலகைகள் பயன்படுத்திய பொருள் விற்கும் இணையதளங்களில்தான் பெரும்பாலும் தலைகாட்டும் என்றார். நானும் சில வாரங்கள் அங்கே தேடினேன். அதே மாடலில், அதே நீளத்தில் இரண்டு ஜோடிகள் விற்பனைக்கு வந்தன. வாங்க விரும்புகிறவனைப் போல இருவரிடமும் வரிசை எண்ணின் படம் கேட்டேன். ஒருவர் உடனே அனுப்பினார். அது வேறு எண். மற்றவர் பதில் சொல்லாமல் விளம்பரத்தையே நீக்கிவிட்டார். அந்த விவரத்தை அப்படியே அதிகாரியிடம் ஒப்படைத்தேன். நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்ற ஆவல் எழுந்தது உண்மை; ஆனால் முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் நின்று "இது என்னுடையது" என்று வாதிடுவது பலகையின் விலைக்கு ஈடான செயலாக எனக்குப் படவில்லை. பலகை திரும்பக் கிடைக்கவில்லை.

காப்பீட்டுக் கோரிக்கை அதைவிட நீண்டது. பயணக் காப்பீட்டில் குளிர்கால விளையாட்டுக் கருவிகளுக்கு இடம் இருந்தது. ஆனால் கவனிப்பாரின்றிப் பொது இடத்தில் விடப்பட்ட பொருள்களுக்குப் பொருந்தாது என்ற வரி, நான் ஒருபோதும் படிக்காத பக்கத்தில் இருந்தது. உணவகத்தின் முன்னால் பூட்டாமல் விட்ட பலகை அந்த வரிக்குள் துல்லியமாக அடங்கியது. பூட்டியிருந்தேன் என்று எழுதிவிடும்படி நண்பர்கள் இருவர் யோசனை சொன்னார்கள்; பொய் என்று தெரிந்தால் இந்தக் கோரிக்கை மட்டுமன்றிப் பாலிசியே கேள்விக்குள்ளாகும் என்பதால் அதற்கு நான் உடன்படவில்லை. பிறகு, வீட்டுப் பொருள்களுக்கான காப்பீடு வீட்டுக்கு வெளியே நடக்கும் திருட்டையும் ஒரு வரம்புவரை ஏற்கும் என்று கண்டறிந்து அதில் விண்ணப்பித்தேன். ரசீது, புகார் நகல், பணிமனைத் தாள், நான் பலகையுடன் நிற்கும் புகைப்படம் ஆகியவற்றை இணைத்தேன். பைண்டிங்கைத் தனியாக வாங்கியிருந்ததால் அதன் ரசீதையும் தனியாகக் கேட்டார்கள். தேய்மானத்தையும், நானே ஏற்க வேண்டிய தொகையையும் கழித்த பின் கைக்கு வந்தது, வாங்கிய விலையில் பாதிக்கும் குறைவு.

புதிய ஜோடி வாங்கிய அன்றே, கடையில் வைத்தே, வரிசை எண்ணையும் பைண்டிங்கையும் இரு முனைகளையும் படமெடுத்து எனக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டேன். முனைகளில் ஆரஞ்சு நிற நாடா ஒட்டினேன். பார்வைக்கு அழகாக இல்லை, ஆனால் மாற்றி எடுக்கப்படுவதைத் தடுப்பதற்கு அதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. சுருளுக்குள் இழுத்துக்கொள்ளும் மெல்லிய கம்பிப் பூட்டு ஒன்றும் சட்டைப்பையில் இருக்கிறது. மூன்று இலக்கப் பூட்டு என்றால் மொத்தம் 1,000 சேர்க்கைகள். ஒன்றுக்கு இரண்டு விநாடி என்று வைத்தாலும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து எல்லாவற்றையும் முயன்றுவிடலாம், கம்பியை வெட்ட அந்த நேரமும் தேவையில்லை. பூட்டாத ஜோடிகள் பக்கத்திலேயே நிறைய நிற்கும்போது பூட்டியதைத் தொட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பதுதான் அதன் முழுப் பயன். ஊழியர்கள் வாங்கி வைத்துக்கொண்டு சீட்டுக் கொடுக்கும் காப்பறை இருக்கும் இடங்களில் நான் பூட்டை வெளியே எடுப்பதே இல்லை. இரவில் காரின் மேற்கூரையில் எதையும் விடுவதில்லை.

2021-இல் வந்த ஏர்டேக் போன்ற, பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் வில்லைகளை ஒட்டலாமே என்று பலர் கேட்கிறார்கள். ஒட்டிப் பார்த்தேன். அதற்கென்று சொந்தமாக ஜிபிஎஸ் கிடையாது. அருகில் கடந்து செல்லும் ஆப்பிள் கருவிகள் அதன் புளூடூத் சைகையைப் பிடித்துத் தெரிவித்தால்தான் இடம் தெரியும். அறிமுகமில்லாத வில்லை ஒன்று தம்முடன் பயணிக்கிறது என்று எடுத்துச் செல்பவரின் தொலைபேசிக்கும் எச்சரிக்கை போய்விடும். மாற்றி எடுத்தவரைக் கண்டுபிடிக்க அது உதவும்; திருடியவரிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

நான் முழுமையாக நம்புவது பழைய தந்திரம் ஒன்றைத்தான். இருவராகச் சென்றால், என் பலகை ஒன்றையும் மைத்துனரின் பலகை ஒன்றையும் சேர்த்து ஒரு ஸ்டாண்டிலும், மீதி இரண்டை வேறொரு ஸ்டாண்டிலும் வைக்கிறோம். நிறமும் நீளமும் பொருந்தாத ஜோடியை எடுத்துக்கொண்டு யாரும் சறுக்கிப் போக முடியாது, விற்கவும் முடியாது.

சென்ற பருவத்தில் ஒரு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, ஒருவர் என் ஒற்றைப் பலகையின் மேல் ஏறி நின்று குதிகாலை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார். என் 305 மி.மீ. அளவுக்குப் பொருத்திய பைண்டிங் அவருடைய பெரிய பூட்ஸுக்கு மூடவே மறுத்தது. நெஞ்சு படபடக்க அருகில் சென்று, முனையில் இருந்த ஆரஞ்சு நாடாவைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பக்கத்தில் இருந்த மற்றப் பலகை நீல நிறத்தில் இருப்பதையும் அப்போதுதான் கவனித்தார். மூன்று இடம் தள்ளி வாடகைக் கடையின் எண் ஒட்டிய அவருடைய கறுப்பு ஜோடி நின்றுகொண்டிருந்தது. காது சிவக்க மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். அதற்குள் மைத்துனர் பின்னாலிருந்து, "அத்தான், மத்த ரெண்டையும் எந்த ஸ்டாண்டுல வெச்சோம்?" என்று கேட்டார். எனக்கும் நினைவில்லை. பத்து நிமிடம் தேடினோம்.