டென்னிஸ்காரர் இல்லையாம்

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நடை. பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்கு எதிரே உட்கார்ந்ததும் சித்தப்பா கேட்டார்: "ரோலாண் காரோஸ் யாருன்னு தெரியுமா?" பிரெஞ்சு ஓபன் நடக்கும் மைதானம், யாரோ பழைய டென்னிஸ் வீரர் பெயர் என்றேன். சிரித்துவிட்டார்.

விமானியாம். நம்மூர் ஆட்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போன அதே ரீயூனியன் தீவில் 1888இல் பிறந்தவர். 1913இல் மத்தியதரைக் கடலை எங்கும் இறங்காமல், ஏறக்குறைய 8 மணி நேரத்தில் தாண்டினார். அப்புறம் போர். விமானத்தின் முன்னால் விசிறி சுழல்கிறது, அதற்கு நடுவே எப்படிச் சுடுவது? விசிறி இதழ்களில் எஃகுத் தகடு பொருத்தினார்கள். இதழில் படும் குண்டு தெறித்துப் போய்விடும். 1915 ஏப்ரலில் இதை வைத்து 3 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார். அதே மாதம் அவர்களிடமே மாட்டிக்கொண்டார்.

கிட்டத்தட்ட மூன்று வருடச் சிறை. தப்பி வந்தவர் பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாம் (எங்கம்மா அதைத்தான் சொல்வார்). மறுபடி பறந்தார். 1918 அக்டோபர் 5 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் அவருக்கு 30 வயது ஆகியிருக்கும். போர் முடிய ஐந்து வாரம்தான் பாக்கி.

சித்தப்பா எழுந்து சுண்டல் வாங்கப் போய்விட்டார்.