ஹைபர்னேட்: 8 ஜிபி ராமில் பாதிதான் டிஸ்க்குக்குப் போகிறது

பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. ராம் 8 ஜிபி. எக்ஸ்ட்4 கோப்பு முறையுள்ள டிஸ்க் பகிர்வுக்குள் அதே அளவில் ஒரு ஸ்வாப் கோப்பு, அதாவது ராமில் இருந்து வெளியேற்றுவதை வைக்கும் டிஸ்க் இடம். ஹைபர்னேட் என்பது ராமில் இருப்பதை டிஸ்க்கில் சேமித்துக் கணினியை அணைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்வது. அதை ஓட வைப்பது பெரிய வேலை இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு இரண்டு தகவல் போதும்: எந்தப் பகிர்வு, அதில் ஸ்வாப் கோப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது. இரண்டாவதை ஃபைல்ஃப்ராக் கட்டளை சொல்லிவிடும். அதெல்லாம் சரியாகிவிட்டது. நான் பார்க்க நினைத்தது வேறு. ராமில் இருப்பது எல்லாமே டிஸ்க்குக்குப் போகிறதா, வழியில் ஏதாவது கழிகிறதா?

நிறையவே கழிகிறது. ராமைக் கெர்னல் பேஜ் எனும் 4 கேபி துண்டுகளாகக் கையாள்கிறது. காலியாக உள்ள பேஜ்களை அது சேமிப்பதில்லை, அது புரிகிறது. ஆனால் நிரம்பிய ராமையும் அது முழுதாக எடுப்பதில்லை. டிஸ்க்கில் எழுதும் வேலையைச் செய்வதும் அதே கெர்னல்தான். எழுத எழுத அதன் நினைவகமும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் எல்லா நிரல்களையும் உறைய வைத்து, ஒரே ஒரு சிபியுவை மட்டும் விட்டுவைத்து, சாதனங்கள் குறுக்கிட அனுப்பும் இன்டரப்டு சமிக்ஞைகளை நிறுத்தி, ராமின் நகலை ராமுக்குள்ளேயே எடுக்கிறது. பிறகு சாதனங்களை எழுப்பி அந்த நகலைச் சுருக்கி ஸ்வாப்பில் எழுதுகிறது. நகலுக்கும் ராமில்தான் இடம் வேண்டும் என்பதால் இமேஜ் எனப்படும் இந்த நகல் மொத்த ராமில் பாதியைத் தாண்ட முடியாது. எழுதும்போது சுருக்குவது இதற்கு உதவாது, ஏனென்றால் நகல் எடுப்பது அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ் அடைவில் பவர் என்பதற்குள் இமேஜ்-சைஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது. இமேஜை எந்த அளவுக்குள் வைக்கப் பார்க்க வேண்டும் என்பது பைட் கணக்கில் அதில் இருக்கும். இயல்பான மதிப்பு ராமில் ஐந்தில் இரண்டு பங்கு. என் கணினியில் 3 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். இதை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

சுழியம் எழுதினால் முடிந்தவரை சிறிய இமேஜ் கேட்கிறோம் என்று பொருள். அணைவது வேகமாக இருந்தது, திரும்பி எழுவதும் அப்படியே. ஆனால் எழுந்த பின் ஃபயர்பாக்ஸில் ஒவ்வொரு டேபும் முதல் தொடுதலுக்குத் திணறியது. நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ஃப்ரீ கட்டளை காரணத்தைக் காட்டிவிட்டது: கேஷ் (டிஸ்க் கோப்புகளுக்கு ராமில் வைத்திருக்கும் நகல்) பெரும்பாலும் காலி, ஸ்வாப் பயன்பாடு எகிறியிருக்கிறது. டிஸ்க்கில் ஏற்கனவே உள்ள கோப்புகளின் கேஷைத் தூக்கி எறிந்துவிடலாம், பிறகு படித்துக்கொள்ளலாம். நிரல்களின் சொந்தத் தரவை அப்படிச் செய்ய முடியாது. அதைக் கெர்னல் முன்கூட்டியே ஸ்வாப்புக்குத் தள்ளிவிடுகிறது. சேமித்த நேரத்தைப் பிறகு தவணையில் கட்டுகிறோம், அவ்வளவுதான். 

அடுத்து பெரிய மதிப்பு, மொத்த ராம் அளவுக்கே. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசெக் கட்டளையில் எத்தனை பேஜ் நகலெடுக்க வேண்டும் என்று ஒரு வரி வரும். அதை 4 கேபியால் பெருக்கினால் இமேஜின் அளவு. நான் எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் பாதிக்குக் கீழேதான் நின்றது. ஆனால் எழுந்ததும் கணினி சுறுசுறுப்பாக இருந்தது. எனக்கு இதுதான் பிடித்தது, இப்படியே விட்டுவிட்டேன்.

'ராம் அளவுக்கு ஸ்வாப் வைத்தால் போதும்' என்ற பழைய விதியைப் பற்றி ஒன்று. ஸ்வாப்பில் இமேஜ் மட்டும் உட்காருவதில்லை. முன்பே போனவை, இப்போது தள்ளப்படுபவை, அதற்கு மேல் இமேஜ். ராம் நிரம்பி வழியும் நாளில் 8 ஜிபி இறுக்கமாகிவிடுகிறது. கோப்பை 12 ஜிபி ஆக்கினேன். புதுக் கோப்பு என்பதால் தொடக்க இடத்தையும் மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இசட்ராம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். அது ராமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். முன்னுரிமையும் வழக்கமாக அதற்குத்தான். டிஸ்க்குக்குப் போக வேண்டியது ராமிலேயே மறு ரூபத்தில் உட்கார்ந்துகொண்டு இமேஜிலும் சேர்கிறது. ஹைபர்னேட்டுக்கு முன் இசட்ராமை ஸ்வாப்ஆஃப் கட்டளையால் நிறுத்திப் பார்த்தேன், நன்றாகவே போனது. ஆனால் உள்ளே நிறைய இருந்தால் அந்தக் கட்டளையே நேரம் பிடிக்கும்.

திரும்பி எழும் பக்கம் எனக்கு இன்னும் வேடிக்கையாகத் தெரிகிறது. ஒரு புதுக் கெர்னல் பூட் ஆகி, இமேஜை ராமில் ஏற்றுகிறது. பழைய பேஜ்கள் போய் உட்கார வேண்டிய இடங்கள் சிலவற்றில் புதிய கெர்னல் உட்கார்ந்திருக்கும். ஆள் குடியிருக்கும் வீட்டில் டைல்ஸ் போடுவது மாதிரிதான். அந்த இடங்களுக்குரிய பழைய பேஜ்களை வேறு இடத்தில் ஒதுக்கி வைத்து, கடைசியில் பாதுகாப்பான ஒரு பேஜில் இருக்கும் சின்ன அசெம்ப்ளி நிரல் எல்லாவற்றையும் அதனதன் இடத்துக்கு நகர்த்துகிறது. புதிய கெர்னல் அத்தோடு காணாமல் போகிறது.

இதையெல்லாம் சோதிக்க ஒவ்வொரு முறையும் கணினியை அணைக்க வேண்டியதில்லை. பவர் அடைவிலேயே பிஎம்-டெஸ்ட் என்ற கோப்பு உண்டு. அதில் ஃப்ரீசர் என்று எழுதிவிட்டு ஹைபர்னேட் செய்தால் நிரல்களை உறைய வைத்து, 5 விநாடி காத்து, திரும்பிவிடும். கெர்னல் 6.9 முதல் இமேஜைச் சுருக்க எல்இசட்ஓ முறைக்குப் பதில் எல்இசட்4 முறையையும் தேர்ந்தெடுக்கலாம். அதை இன்னும் தொடவில்லை.