12 நிமிடத்தில் மூழ்கிய ஆமை

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காக ஜேம்ஸ் ஈட்ஸ் 1861-இல் கட்டத் தொடங்கிய ஏழு இரும்புக்கவசப் படகுகளைப் பற்றித்தான் ரெண்டு நாளாகப் படிக்கிறேன். சாய்ந்த சுவர், தட்டையான அடிப்பாகம், பார்த்தால் அப்படியே ஆமை. வடிவமைத்தவர் சாமுவேல் பூக் என்பதால் ‘பூக்கின் ஆமைகள்’ என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். கவசம் இரண்டரை அங்குலம். ஆறடித் தண்ணீர் இருந்தால் போதும், மிதக்கும்.

அதில் ‘கெய்ரோ’ என்ற படகுதான் பாவம். 1862 டிசம்பர் 12, மிசிசிப்பி மாநிலத்தின் யாசூ ஆறு. மேலே அவ்வளவு இரும்பு, தண்ணீருக்கடியில் வெறும் மரம். கண்ணிவெடி அங்கேதான் வேலையைக் காட்டியது. 12 நிமிடத்தில் கப்பல் உள்ளே போய்விட்டது. ஆனால் ஒருவர்கூடச் சாகவில்லை!

நூறு வருஷம் கழித்து 1964-இல் மேலே எடுத்தபோது, மாலுமிகள் புழங்கிய சாமான்களெல்லாம் சேற்றுக்குள் பத்திரமாக இருந்தன. இப்போது அதே மாநிலத்தின் விக்ஸ்பர்க் நகரில் நிற்கிறது.