நுழைந்ததால் பொருந்தும் என்று நினைத்தேன்

கணினியில் புது எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) மாட்டிவிட்டு பவர் பட்டனை அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். மின்விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். அதே டிக். கேபினட்டுக்குள்ளிருந்து லேசாகக் கருகல் வாடை வந்தது. அந்த இரண்டாவது அழுத்தலை நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

பழைய எஸ்எம்பிஎஸ் எட்டு வருடம் உழைத்தது. மாடுலர் வகை, அதாவது வேண்டிய கேபிள்களை மட்டும் செருகிக்கொள்ளலாம். புதியதும் அதே வகைதான், அதே நிறுவனத்தின் வேறொரு மாடல். மதர்போர்டுக்கும் ப்ராசஸருக்கும் புதுக் கேபிள்களையே மாட்டினேன். டிஸ்க்குகளுக்குப் போகும் சாட்டா பவர் கேபிளை மட்டும் மாற்றவில்லை. அதைத் தகட்டுக்குப் பின்னால் வளைத்து, ஏழெட்டு இடத்தில் கட்டி வைத்திருந்தேன். அவிழ்க்க மனமில்லை. அதன் பிளக்கும் புது எஸ்எம்பிஎஸ்ஸில் சிரமமே இல்லாமல் உட்கார்ந்தது.

தங்கைக்கு போன் செய்தேன். எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்ப்பதுதான் அவள் தொழில். நான் சொல்லி முடிக்கும் முன்பே, "அண்ணா, டிஸ்க் கேபிளையும் மாத்தினியா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் வந்து, டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டு அந்தக் கேபிளில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தாள். சாட்டா பவர் பிளக்கில் 15 பின்கள் இருக்கும். 7 முதல் 9 வரை 5 வோல்ட், 13 முதல் 15 வரை 12 வோல்ட் வர வேண்டும். என் கேபிளில் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்துகொண்டிருந்தது.

இதை ஏன் யாரும் கொட்டை எழுத்தில் அச்சிடுவதில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான். டிஸ்க் பக்கம் இருக்கும் பிளக்குக்குத் தரநிலை உண்டு. மதர்போர்டு பக்கத்துக்கும் உண்டு. மாடுலர் கேபிளின் மறுமுனை, எஸ்எம்பிஎஸ் பக்கம், அதற்கு மட்டும் பொதுவான தரநிலை கிடையாது. எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதைத் தயாரிப்பவர்கள் அவரவர் விருப்பப்படி வைக்கிறார்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு மாடல்களுக்கு இடையில்கூட மாறலாம். பிளக்கின் வடிவம் மட்டும் ஒன்றாக இருக்கும்.

அந்தக் கேபிளில் இரண்டு டிஸ்க்குகள் இருந்தன. ஒன்று 4 டெராபைட் ஹார்டு டிஸ்க். அப்பா தன் குரலில் பேசிப் பதிவுசெய்த 42 கேசட்டுகளை அதில் ஏற்றியிருந்தேன். டேப்புகள் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன, அதனால் இனி அதுதான் மூலம். இன்னொன்று எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அதில் அதே 42 பதிவுகளின் பேக்கப். இரண்டு பிரதி இருக்கிறது என்ற தைரியத்தில்தான் இருந்தேன். இரண்டும் ஒரே கம்பியில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

எஸ்எஸ்டி போய்விட்டது. கருகல் வாடை அதிலிருந்து வந்ததுதான். ஹார்டு டிஸ்க்கின் சர்க்யூட் போர்டில் பவர் நுழையும் இடத்தில் டிவிஎஸ் டயோடு என்று ஒரு சின்னக் கறுப்புத் துண்டு இருந்தது. அளவுக்கு மீறி வோல்ட் வந்தால் அது தன்னையே ஷார்ட் ஆக்கிக்கொண்டு மற்ற பாகங்களைக் காப்பாற்றும். அந்த ஷார்ட்டைக் கண்டுதான் எஸ்எம்பிஎஸ் டிக் என்று அணைந்திருக்கிறது. தங்கை சால்டரிங் அயர்னால் 5 வோல்ட் பக்கத்து டயோடை எடுத்துவிட்டு, சரியான கேபிளில் டிஸ்க்கை மாட்டினாள். சுழல ஆரம்பித்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம், ஏனென்றால் டயோடு எடுத்த 5 வோல்ட் பக்கத்துக்கு இனி அந்தப் பாதுகாப்பு இல்லை. (போர்டையே மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அந்தந்த டிஸ்க்குக்கு மட்டும் உரிய அளவுகள் போர்டிலுள்ள ஒரு சிப்பில் இருக்கும். அதையும் மாற்றிப் பொருத்தாமல் பெரும்பாலும் வேலை நடக்காது.)

அதற்குப் பிறகு 'டிஸ்க் போச்சு' என்று யார் சொன்னாலும் என் கண் முதலில் டிஸ்க்கைச் சுற்றியிருப்பவற்றின் மேல்தான் போகிறது. நம்பகம் இல்லாத டிஸ்க் என்று நாம் ஒதுக்குவதில் எத்தனையோ வெறும் பொருத்தக் கோளாறுதான்.

பேக்கப்புக்காக வாங்கிய புது ஹார்டு டிஸ்க் என் பழைய இரண்டாவது கணினியில் சுழலவே இல்லை. பிறவியிலேயே பழுது என்று திருப்பி அனுப்ப இருந்தேன். காரணம் சாட்டா பவரின் மூன்றாவது பின். முன்பு அது 3.3 வோல்ட் தரும் சாதாரணப் பின். பிந்தைய தரநிலையில் அதை, டிஸ்க்கை அணைத்து வைக்கச் சொல்லும் சமிக்ஞையாக மாற்றிவிட்டார்கள். பழைய எஸ்எம்பிஎஸ் அதில் எப்போதும் 3.3 வோல்ட் கொடுப்பதால், டிஸ்க் 'தூங்கு' என்ற கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கிடந்திருக்கிறது. அந்தப் பின்னின் மேல் வெப்பம் தாங்கும் மெல்லிய டேப் ஒட்டியதும் எழுந்துகொண்டது.

இன்னொரு டிஸ்க்கில் கோப்புகளை நகலெடுக்கும்போது நடுநடுவே நின்று நின்று போனது. ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எண்ணி வைக்கும் பட்டியலைத் திறந்தால் 199-ஆம் எண், அதாவது சிஆர்சி பிழைகள் (தரவு போகும் வழியில் சிதைந்த தடவைகள்), ஏறிக்கொண்டே இருந்தது. அது டிஸ்க்குக்குள் தரவு பதியும் தட்டைப் பற்றியதல்ல, வழியைப் பற்றியது. டேட்டா கேபிளை மாற்றினேன், ஏறுவது நின்றது. பழைய எண்ணிக்கை கீழே இறங்காது, அது அப்படியே நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 5-ஆம் எண்ணும் 197-ஆம் எண்ணும் ஏறினால் கதை வேறு. அவை தட்டின் பரப்பில் கெட்டுப்போன, கெட்டுக்கொண்டிருக்கும் செக்டர்கள், அதாவது தரவு எழுதும் சிறு துண்டுகள்.

எம்.2 பற்றியும் ஒரு வார்த்தை. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சிறு எஸ்எஸ்டிகளுக்கான எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். உள்ளே தரவு பேசும் முறை சாட்டாவாகவும் இருக்கலாம், அதைவிட வேகமான என்விஎம்இயாகவும் இருக்கலாம். செருகும் முனையில் இரண்டு வெட்டு உள்ள சாட்டா எஸ்எஸ்டி, என்விஎம்இ மட்டும் தெரிந்த ஸ்லாட்டிலும் அழகாக நுழையும், ஆனால் பயாஸில் (கணினி தொடங்கும்போது பாகங்களைக் கண்டறியும் மென்பொருள்) தெரியாது. பல மதர்போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துபோகும். மேனுவலில் ஒரு சின்ன அட்டவணையில் இருக்கும். வாங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாகப் பொருந்திய பிறகும் டிஸ்க் சாகத்தான் செய்யும், அதுவும் சொல்லாமல். கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் அதிகமான டிஸ்க்குகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. செத்த டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஸ்மார்ட்டில் எந்தப் பிழை எண்ணிக்கையும் காட்டாமலே போயிருந்தன. 5-ஆம் எண் பூஜ்யமாக இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்க எனக்கு இனி முடியாது.

இப்போது மூன்று பிரதிகள் இருக்கின்றன. ஒன்று என் கணினியில், ஒன்று அந்தப் பழைய கணினியில், மூன்றாவது தங்கை வீட்டில். அது மாதம் ஒருமுறை மட்டுமே மின்சாரம் பார்க்கும். ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிள்களும் தனிப் பையில், மாடல் பெயர் எழுதி. டயோடு எடுத்த டிஸ்க் அலமாரியில் இருக்கிறது. அதன்மேல் தங்கையின் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'பாதுகாப்பு இல்லை. பவர் கொடுக்காதே.'

கோப்புப் பெயர்கள் வந்துவிட்டன என்பதால் குரலும் வந்துவிட்டது என்று ஆகாது. அதனால் ஒவ்வொரு பதிவையும் முழுதாகக் கேட்டுச் சரிபார்க்கிறேன். 31 முடிந்தது, ஒன்றிலும் குறையில்லை. இன்னும் 11 இருக்கின்றன.