குன்றிலிட்ட விளக்கு

அமெரிக்காவில் அந்நாளில் அடிமைகள் தப்பியோடிய ரகசிய வழி என்றதும் நிலவறை, சுரங்கம், பொய்ச்சுவர் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டுதான் ஓஹையோ மாநிலத்து ரிப்ளிக்குப் போனேன். சின்சினாட்டியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தம்பி கார் ஓட்டினான். வந்து பார்த்தால், தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்த பாதிரியார் ஜான் ரேங்கினின் வீடு ஊருக்கே தெரியும்படி குன்றின் உச்சியில் நிற்கிறது. குடத்திலிட்ட விளக்கைத் தேடிப் போனவனுக்குக் குன்றிலிட்ட விளக்கு!

படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கியதில் கணக்கு தப்பிவிட்டது. கீழே ஓஹையோ ஆறு, அக்கரையில் கென்டக்கி. அன்று அது அடிமை மாநிலம். ரேங்கினுக்குப் பதின்மூன்று பிள்ளைகள். இந்தச் சின்னச் செங்கல் வீட்டில் தப்பி வந்தவர்களுக்கும் இடம் இருந்திருக்கிறது. சன்னலில் வைத்த விளக்கு அக்கரைக்குத் தெரியுமாம். எஜமானர்களுக்கும்தானே தெரியும்? தெரிந்துதான் ஒருமுறை ஆயுதங்களோடு வந்து தாக்கினார்கள்.

இந்த ரகசிய வழிக்கு 'அண்டர்கிரவுண்ட் ரயில்ரோடு' என்று பெயர். ரயிலும் கிடையாது, தண்டவாளமும் கிடையாது. ஒளித்து வைத்த வீடு 'ஸ்டேஷன்', வழிகாட்டியவர் 'கண்டக்டர்'. ஆற்றைக் கடந்து, அடிமைமுறை இல்லாத ஓஹையோவுக்கு வந்தாலும் ஆபத்து தீரவில்லை; பிடித்துத் திருப்பி அனுப்பிவிடலாம். 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியவருக்கு உதவினால் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் டாலர் வரை அபராதம். ஆகவே கனடா வரை ஓட வேண்டும்.

எனக்கு ரேங்கினைவிட ஆற்றோரத்து ஜான் பார்க்கர்தான் பெரியவராகத் தெரிகிறார். 1827இல் அடிமையாகப் பிறந்து, எட்டு வயதில் விற்கப்பட்டவர். இரும்பு வார்ப்புத் தொழில் கற்று, 1845இல் 1,800 டாலர் கொடுத்துத் தன்னையே விலைக்கு வாங்கிக்கொண்டார். பிறகு ரிப்ளியில் பகலில் வார்ப்படச் சாலை, இரவில் தப்பி வருபவர்களை ஏற்றிவரும் படகு. ஓர் அடிமைத் தம்பதி ஓடிவிடுவார்களோ என்று பயந்த எஜமானன் அவர்களுடைய கைக்குழந்தையை இரவில் தன் படுக்கையறையில் வைத்துக்கொண்டான். பார்க்கர் அந்த அறைக்குள்ளேயே தவழ்ந்து போய்க் குழந்தையைத் தூக்கி வந்தார். கேட்டபோது தம்பி காதைத் தடவிக்கொண்டு, "குழந்தை அழுதிருந்தால்?" என்றான்.

தான் தப்ப உதவியவர்களைப் பற்றிப் பார்க்கர் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். 1850 சட்டம் வந்ததும் அதைத் தன் உலையிலேயே போட்டு எரித்துவிட்டார். குன்றின் மேல் விளக்கு எரிந்தது. அதை நம்பி வந்தவர்களின் பெயர்கள் அந்த உலையோடு போயின.