ஒட்டிக்கொண்ட பட்டம்

2015 ஆகஸ்ட், அயோவாவின் டுபியூக் நகரம். அப்போது அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட டிரம்பின் பத்திரிகையாளர் சந்திப்பில், அமெரிக்காவின் ஸ்பானிஷ் மொழித் தொலைக்காட்சியான யூனிவிஷனின் ஹோர்ஹே ராமோஸ் எழுந்து குடியேற்றம் பற்றிப் பேசுகிறார், அதுவும் ஆங்கிலத்தில்தான். "உட்காருங்கள், யூனிவிஷனுக்கே திரும்பிப் போங்கள்" என்கிறார் டிரம்ப். பாதுகாவலர் ஒருவர் நெஞ்சோடு நெஞ்சாக மறித்துத் தள்ளியபடியே அவரை வெளியேற்றுகிறார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உள்ளே விட்டார்கள், சரி.

ஆனால் அடுத்த நாட்களில் ஆங்கிலப் பத்திரிகைகள் எதை விவாதித்தன? இவர் பத்திரிகையாளரா, போராளியா என்று! ஆவணமின்றிக் குடியேறிய 1 கோடியே 10 லட்சம் பேரை எப்படி நாடு கடத்துவீர்கள் என்ற விஷயம் ஓரமாகப் போய்விட்டது. ராமோஸும் முறை வருமுன்னே எழுந்தார், கேள்வியைவிட வாதம்தான் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் இப்படி மல்லுக்கட்டும் ஆங்கில நிருபரிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லையே.

1986 முதல் யூனிவிஷனில் செய்தி வாசித்துவந்தவர் ராமோஸ். அறிமுகம் என்று வந்தால் மட்டும் 'லத்தீன் மக்களின் வால்டர் கிரான்கைட்'. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்கு இவர்தான் கிரான்கைட் என்று அர்த்தம்; கிரான்கைட், அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆங்கிலத் தொலைக்காட்சிச் செய்தியாளர். இந்தப் பட்டம் எனக்கு எரிச்சல். மெக்சிகோவில் பிறந்த ஒருவரை அளக்க அமெரிக்க ஸ்கேல்தானா கிடைத்தது?

லாஸ் ஏஞ்சல்ஸில் 'லா ஒப்பினியோன்' என்ற ஸ்பானிஷ் நாளிதழ் தொடங்கியது 1926-இல். ஆனாலும் தேர்தல் வந்தால்தான் ஸ்பானிஷ் ஊடகம் என்று ஒன்று இருப்பதே நம் ஆங்கில நண்பர்களுக்கு ஞாபகம் வரும். நியூயார்க் டைம்ஸ் 2016-இல் தனி ஸ்பானிஷ் பதிப்பு தொடங்கியது. அப்புறம் 2019-இல், கட்டுப்படியாகவில்லை என்று மூடிவிட்டது.