ஐயாவின் கையைப் படம் பிடித்தோம்

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பினாங்கில் ஒரு தனியார் கல்லூரியின் வணிகத் துறைக்கு நான் பொறுப்பாளர். இயங்கலை (ஆன்லைன்) வகுப்பு உடனே ஆரம்பிக்க வேண்டும். இரண்டு மணி நேர விரிவுரையை அப்படியே கூகள் மீட்டில் நடத்துங்கள், பதிவு செய்து ஏற்றுங்கள் என்று எல்லாருக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன். அந்த அறிக்கை தவறு என்று புரிய எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

கூலிம் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருந்த மாணவி ஒருத்தி புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல் பதிவு அனுப்பினாள். "சார், போட்ட டேட்டா மூணு நாள்ல முடிஞ்சிருது. அதே போன்லதான் தம்பியும் பள்ளிப் பாடம் செய்றான்." அதுவரை வருகைப் பட்டியலில் பெயர் இருந்தால் வகுப்பில் இருக்கிறார்கள் என்றே நம்பியிருந்தேன்.

அப்புறம்தான் பாடத் திட்டத்தை எடுத்து மணிக்கணக்குப் பார்த்தேன். மலேசியத் தகுதிக் கட்டமைப்பில் 1 கிரெடிட் மணி என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல். 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. வாரம் 3 மணி வீதம் 14 வாரம் வகுப்பு நடத்தினாலும் 42 மணிதான் ஆகிறது. மிச்சம் 78 மணியில் மாணவர் என்ன செய்வார் என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. கேமராவும் மென்பொருளும் வாங்குவதற்கு முன்னால் பேசியிருக்க வேண்டிய விஷயம் இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

துறையில் மூத்தவர் ஒருவர், கணக்கியல் ஆசிரியர். பதிவே செய்யவில்லை. பிடிவாதம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஜூனில் கட்டுப்பாடு தளர்ந்ததும் பட்டர்வொர்த்தில் அவர் வீட்டுக்குப் போனேன். "தம்பி, என் பாடம் பேச்சுல இல்ல, கையில இருக்கு. என் மூஞ்சியக் காட்டி என்ன ஆகப்போகுது?" என்றார்.

சரி, கையையே காட்டுவோம் என்றேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு அடுக்காகப் புத்தகங்களை வைத்து, மேலே கைப்பேசியைக் கவிழ்த்தோம். கீழே வெள்ளைத் தாள். ஐயா அடிக்கோல் வைத்துக் கோடு போட்டு, இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு என்று எழுதினார். கடனுக்குச் சரக்கு வாங்கியதைப் பற்றில் எழுதியவர் பேனாவை அப்படியே நிறுத்தினார். "மறுபக்கம் எங்க போகும்? நீங்க எழுதுங்க." அப்புறம் பேசவில்லை. அந்த மௌனத்தை வெட்டிவிடலாமா என்று பிறகு கேட்டேன். "அதுதான் தம்பி பாடம்" என்றார். வெட்டவில்லை. மொத்தம் 8 நிமிடம்.

இப்படி எடுத்த காணொலித் துண்டுகளைக் குறைந்த தரத்தில் சேமித்துப் புலனத்திலேயே அனுப்பினோம். நேரலை வகுப்பு வாரம் ஒரு மணியாகக் குறைந்தது. அதில் விரிவுரை கிடையாது, மாணவர்கள் போட்ட கணக்கைத் திருத்துவது மட்டும். கூலிம் மாணவி தாளைப் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினாள். பிடிவாதக்காரர் என்று சொன்ன சக ஆசிரியர்கள் இரண்டு பேர், தங்கள் பாடத்தையும் இப்படிச் செய்ய முடியுமா என்று அவரிடமே போய்க் கேட்டார்கள். என் சுற்றறிக்கை அவர்களை அசைக்கவே இல்லை.

மாணவர்கள் திரும்பி வந்த பிறகும் வீட்டில் காணொலி, வகுப்பில் பயிற்சி என்றே வைத்திருக்கிறோம். தேர்வு முறையை மட்டும் இன்னும் மாற்ற முடியவில்லை. அதற்கான பேச்சு நடக்கிறது. புதிய கருவி எது வந்தாலும் முதலில் என் வகுப்பில் ஒரு வாரம் ஓட்டுகிறேன். அந்த வாரம் சக ஆசிரியர் ஒருவர் ப்ரீபெய்ட் சிம் போட்ட பழைய கைப்பேசியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து, எங்கே அறுந்து போகிறது என்று குறித்துக்கொள்வார்.